எம்பதுங்க மேடைக்கு வாங்க

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருபது நிமிடத்துக்கு என் மகளின் கை என் கையை விட்டுப் போனது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்க்கத்தான் திரும்பினேன். பார்த்துவிட்டுக் குனிந்தால், அவள் நின்ற இடத்தில் யாரோ ஒருவருடைய வேட்டி நின்றுகொண்டிருந்தது.

அவளுக்கு ஏழு வயது. கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிற எனக்கு, சொந்தப் பிள்ளை வாசலைத் தாண்டினால் பின்னாலேயே போய் நிற்கத் தோன்றும். கிணற்றுப் பக்கம் போகாதே, சைக்கிள் வந்தால் ஓரமாக நில், தெரியாதவர்கள் கேட்டால் பேரையும் ஊரையும் சொல்லாதே என்று காலையும் மாலையும் ஓதி வளர்த்தவள். அப்படிப்பட்டவளை அந்தக் கூட்டத்துக்குள் நானே கூட்டிப் போனேன் என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

பனியன் கம்பெனி முதலாளியாக இருந்தவர். நகரசபைக்குப் போனார், பாராளுமன்றத்துக்குப் போனார், இப்போது தில்லியில் கட்சிக்கே அகில இந்தியத் தலைவராகிவிட்டார். ஆன பிறகு முதல் தடவையாக ஊருக்கு வருகிறார். "அவரு நெசமாலுமே அப்படித்தான் கூப்புடுவாராப்பா?" என்று என் மகள் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். காட்டத்தான் கூட்டிப் போனேன்.

அவர் எப்படிக் கூப்பிடுவார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அன்று நடந்தது விளங்காது.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்த சமயம். கல்கத்தா வியாபாரிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவருடைய கம்பெனிக்குப் போனேன். நிட்டிங் மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் நின்றிருந்தார். சான்றிதழை நீட்டினேன். அதை வாங்கவில்லை. இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்குளுக்குக் கீழே ஒரு பார்வை. பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் என் சட்டையின் தோள் தையலைப் பிடித்து லேசாகச் சுண்டினார்.

"முப்பத்திரண்டு," என்றார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க."

சம்பளம் என்று நினைத்துக்கொண்டு ஊர்போய்ச் சேர்ந்தேன். அம்மாவிடம் அப்படியே சொல்லியும் விட்டேன். அது என் மார்பளவு, அங்குலத்தில், என்று மறுநாள்தான் தெரிந்தது.

அவருக்குப் பெயர்கள் மனதில் நிற்காது. யாருடைய பெயரும். ஆனால் ஒருமுறை பார்த்த ஆளின் பனியன் அளவை மறக்கவே மாட்டார். ஆகவே அளவையே பெயராக வைத்துக்கொண்டார். "ஏனுங்க முப்பத்திரண்டு, கல்கத்தாவுக்கு எழுதியாச்சுங்களா?" என்பார். மரியாதைக்கு ஒரு குறையும் இராது. கூட்டுகிற ஆளிலிருந்து மில்காரர்வரை எல்லாருக்கும் ஒரே 'ங்க'. ஒரே அளவில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் திரும்புவோம். வேண்டியவரை விரலால் காட்டுவார். சொந்த மைத்துனரின் கல்யாணத்தில் பந்தல் வாசலில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளை நாப்பது எங்கீங்க?" என்று கேட்டவர். பெரிய பெண்களை மட்டும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. எல்லாரும் அம்மிணிதான். அவர்களிடம் பேசும்போது கண் தரையில் இருக்கும்.

தீபாவளிக்கு ஆளுக்கு இரண்டு பனியன் கொடுப்பது கம்பெனி வழக்கம். பட்டியல் கிடையாது. அடுக்கிலிருந்து அவரே எடுத்து நீட்டுவார். அளவு தப்பியதே இல்லை. ஒரு வருஷம் பேக்கிங்கில் இருந்த ஒருவர் சோதித்துப் பார்ப்பதற்காகச் சட்டைக்குள் சட்டையாக மூன்று போட்டுக்கொண்டு வரிசையில் வந்தார். முதலாளி அவரைப் பார்த்தார். முப்பத்திரண்டு அளவில் இரண்டை எடுத்து நீட்டினார்.

"உள்ள இருக்கற ரெண்டையும் கழட்டிருங்க," என்றார். "வேத்து ஊத்துது பாருங்க."

அரசாங்கம் அங்குலத்தை எடுத்துவிட்டு சென்டிமீட்டரைக் கொண்டுவந்தபோது நாட்டில் எல்லாருக்கும் அளவு மாறியது. எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் பெயரே மாறிவிட்டது. இரண்டு நாள் டேப்பை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். திங்கட்கிழமை காலையில் கேட்டில் நின்று ஒவ்வொருவருக்கும் புதுப்பெயர் வைத்து உள்ளே அனுப்பினார். நான் எண்பது. கட்டிங் மாஸ்டர் எண்பத்தைந்து. முப்பத்தாறாக இருந்த ஃபிட்டருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"ஏனுங்க மொதலாளி, சனிக்கிழமை முப்பத்தாறு. இன்னைக்குத் தொண்ணூறுங்களா? ஒரு ஞாயித்துக்கிழமையில இத்தனை பெருத்துட்டனுங்களா?"

"நானா பெருக்க வெச்சேன்? டில்லிக்காரங்க வெச்சாங்க," என்றார் முதலாளி. "போனாக் கேட்டுட்டு வாரேன், உள்ள போங்க."

இரண்டு வருஷத்தில் போயும்விட்டார். கேட்டாரா என்று தெரியாது.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வேட்டியைப் பார்த்ததும் முதலில் நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். கொட்டுமேளத்திலும் கோஷத்திலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கூட்டம் ஸ்டேஷனிலிருந்து மைதானத்தை நோக்கி நகர ஆரம்பித்திருந்தது. நான் எதிர்த்திசையில் நடந்தேன். கூட்டம் என்னைப் பின்பக்கமாகவே கொண்டுபோய் மேடைக்கு அருகில் விட்டது. மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று ஏறப் போனேன். பட்டை மாட்டிய தொண்டர் ஒருவர் மறித்தார்.

"தலைவரு வந்துட்டிருக்காருங்க. மைக்கைத் தொடப்படாது."

"என்ற புள்ளையைக் காணமுங்க."

"பந்தலோரம் போலீஸ் கொட்டாய் இருக்குது. அக்கட்டப் போய்ச் சொல்லுங்க வாத்தியாரே, நவருங்க, நவருங்க."

அந்த நேரத்தில்தான் அவருடைய வண்டி கடந்து போயிற்று. கழுத்து நிறைய மாலை. கைகூப்பியபடி, யாருடைய முகத்தையும் பார்க்காமல், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனார். தில்லிப் பத்திரிகைகள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கின்றன. தென்னாட்டின் அடக்கம், பணிவு என்றெல்லாம். அவர் மார்பளவு பார்த்துக்கொண்டு போகிறார் என்பது எங்கள் கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் முதன்முதலில் நகரசபைக்கு நின்றபோது நான்தான் கூடவே போனேன். வீடு வீடாகப் போகும்போது ஓரடி பின்னால் நின்று பெயரைக் காதில் சொல்வது என் வேலை. நான் சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார். வாயைத் திறந்தால், "வாங்க தொண்ணூத்தஞ்சு, ஊட்டுல எல்லாருஞ் சௌக்கியமுங்களா?" என்றுதான் வரும். சிலர் சிரித்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். எதிர்த்து நின்றவர் கெட்டிக்காரர். "உங்க பேரே தெரியாத மனுசனுக்கு ஓட்டுங்களா?" என்று ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கூட்டம் போட்டார். நாங்கள் தோற்றுவிட்டோம் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன்.

கடைசிக் கூட்டத்தில் அவர் எழுந்தார். "அவுரு சொல்றது நெசந்தானுங்க. எனக்குப் பேரு நிக்க மாட்டேங்குது," என்றார். முன்வரிசையில் நின்ற ஒருவரைக் கைநீட்டிக் காட்டினார். சலவைப் பட்டறையில் துணி அலசுகிறவர். "இவுரு போன தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தப்ப எம்பத்தஞ்சு. இன்னைக்கு எழுபத்தஞ்சு. இவுரு பேரு தெரிஞ்சவங்க இங்க நூறு பேரு நிக்கறீங்க. ஏன் இப்படிப் போயிட்டீங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

அந்த மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். மறுநாள் காலையில் முதலாளியே அவரைக் காரில் ஏற்றிக் காசநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவரின் தோள் தையலைச் சுண்டிப் பார்த்து, "எம்பது. இன்னொரு அஞ்சு வரோணும்," என்றார்.

தேர்தலில் ஜெயித்தோம். ஆனால் ஒருவருடைய நோயை ஊர் நடுவில் மைக் வைத்துச் சொல்லலாமா என்று அன்றைக்கே எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. அவரிடம் கேட்கவில்லை.

தில்லியில் அவர் மேலே போனதற்குக் காரணம் இந்தி. பனியன் பெட்டிகளோடு வடக்கே பஜார் பஜாராக அலைந்து கற்ற இந்தி அது. இலக்கணம் கிடையாது, ஆனால் பேரம் படிகிற இந்தி. தெற்கிலிருந்து போன மற்றவர்கள் கமிட்டிக் கூட்டத்தில் வாயை மூடி உட்கார்ந்திருக்க, இவர் கட்சியின் இரண்டு கோஷ்டியோடும் பேசினார். முதல் குளிர்காலத்தில் கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "இங்கே எல்லாரும் கோட்டுக்குமேல் கோட்டாகப் போட்டிருக்கிறார்கள். ஆளே தெரியவில்லை. வெயில் வந்த பிறகுதான் அரசியல் பேச முடியும். நானே மூன்று பனியன் போட்டு நூறு ஆகிவிட்டேன்." அதைக் கம்பெனியில் உரக்கப் படித்தேன். மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

அடுத்த கடிதத்தை உரக்கப் படிக்கவில்லை. "கமிட்டியில் நம் பக்கம் இருக்கும் தொண்ணூற்றைந்து ஒரே மாதத்தில் எண்பத்தைந்து ஆகிவிட்டார். அவரை வற்புறுத்தி டாக்டரிடம் காட்டச் சொன்னேன், கேட்கவில்லை. அவர் இடத்துக்கு யார் என்று இப்போதே பார்த்துவைக்க வேண்டும்," என்று இருந்தது. அந்தப் பெரியவர் காலமான செய்தி இரண்டு மாதத்தில் பேப்பரில் வந்தது. அவர் இடத்தில் உட்கார்ந்தவர் யார் என்பதும் வந்தது. நம்மவர்தான். கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். டாக்டர் என்ற வார்த்தை முதலில் இருந்தது. இடம் என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் இருந்தது. அதில் கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

எனக்கு வாத்தியார் வேலை கிடைத்து, சொல்லிக்கொண்டு கிளம்பப் போன நாளில் அவர் ஊரில் இருந்தார். எட்டு வருஷத்து வீம்பு தொண்டைக்கு வந்துவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. என் பேரு என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்."

அவர் உண்மையாகவே யோசித்தார். காதைச் சொறிந்தார். பேக்கிங் ஆட்கள் டஜன் பெட்டியை மூடாமல் அப்படியே நின்று பார்த்தார்கள். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

"வரலீங்க," என்றார். "கோவிச்சுக்காதீங்க எம்பது. பேரு உங்கப்பாரு வெச்சது. அது அப்படியேதான் இருக்கும், எங்கயும் போவாது. ஆளுதான் மாறிட்டே இருக்கறது. அதைப் பாக்கறதுக்கே எனக்கு நேரம் பத்தலீங்க."

சாமர்த்தியமான சாக்கு என்று நினைத்தேன். பத்துப் பதினைந்து வருஷம் அதைத் தமாஷாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு அவர் கதை என்றால் உயிர். டேப்பை எடுத்துவந்து என்னைச் சுற்றிப் பிடித்து, "அப்பா, நீ தொண்ணூறு. எம்பதுன்னு பொய் சொல்றே," என்பாள். "அவரு பாத்தப்ப எம்பது கண்ணு," என்பேன். "அப்ப அவருக்கு நீ எப்பவும் எம்பதுதானா?" என்று கேட்பாள். எப்பவும் எம்பதுதான் என்று சொல்லிவைத்திருந்தேன்.

போலீஸ் கொட்டாயில் ஒரு கான்ஸ்டபிள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். தெற்கத்திப் பேச்சு. நான் மகளின் பெயரைச் சொன்னேன். முழுப்பெயரையும் சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். வகுப்பையும் பிரிவையும் சொன்னேன்.

"சரி சார், பேரு எழுதியாச்சு. பேரு என்ன நெத்தியிலயா எழுதியிருக்கு? ஆளைச் சொல்லுங்க. என்ன கலரு கவுன் போட்டிருந்தா?"

பள்ளிக்கூடத்துக்கு லீவு, காலையிலிருந்து அவளோடுதான் இருக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மைல் நடந்திருக்கிறேன். கவுனின் நிறம் தெரியவில்லை. நீலம் என்றேன். இல்லை, நீலம் போன வாரம் போட்டது என்றேன்.

"உசரம் எம்புட்டு?"

கையை என் இடுப்பருகில் வைத்துக் காட்டினேன். அது போன வருஷத்து உயரமா, இந்த வருஷத்து உயரமா என்று சந்தேகம் வந்து, கொஞ்சம் மேலே ஏற்றினேன். பிறகு இறக்கினேன். கான்ஸ்டபிள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு இடத்துல நிறுத்துங்க சார்," என்றார், கோபமில்லாமல்.

பிள்ளை தொலைந்த பயம் ஒரு பக்கம். அவளைக் காட்டித்தர எனக்கு ஒரு பெயரைத் தவிர எதுவும் தெரியவில்லை என்ற பயம் இன்னொரு பக்கம். அவள் தானாகவும் பெயர் சொல்லமாட்டாள். யார் கேட்டாலும் சொல்லக் கூடாதென்று நான்தான் ஓதியிருக்கிறேன்.

அப்போது ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. "எம்பதுங்க... எம்பதுங்க எங்கிருந்தாலும் மேடைக்கு வாங்க. சோலி இருக்குது, சீக்கிரம் வரோணும்."

கூட்டம் சிரித்தது.

"என்ன சார் இது, லாட்டரி நம்பரா சொல்லுதாரு?" என்றார் கான்ஸ்டபிள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. என் பிள்ளையைக் காணோம். இந்த மனிதர் இன்னமும் நம்பர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார். ஊரில் பழைய எண்பதுகள் எத்தனையோ பேர், எவனாவது போகட்டும். எனக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற மனநிலை இல்லை. கான்ஸ்டபிளிடம், பஸ் ஸ்டாண்டுக்கு யாரையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். மறுபடி ஒருதரம் எம்பதைக் கூப்பிட்டார்கள். பிறகு மைக் ஓய்ந்துவிட்டது. தலைவர் பேசவும் இல்லை, பாட்டும் போடவில்லை. கூட்டம் சலசலத்தது. மணி ஐந்தரையைத் தாண்டியிருக்கும்.

பந்தல் பக்கம் ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். முதலில் தெரிந்தவர் பேக்கிங்கில் மூன்று சட்டை போட்டுக்கொண்டு வந்த அந்த ஆள். தொந்தி விழுந்து, முடி நரைத்து. அவருக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர். எல்லாரும் ஒரு காலத்து எண்பதுகள். இன்று ஒருவர்கூட எண்பது இல்லை. அவர்களுக்கு நடுவில் தலைவர் நடந்து வந்தார். அவர் இடுப்பில் என் மகள் இருந்தாள். அவர் கழுத்து மாலைகளில் ஒன்று அவள் கழுத்தில் கிடந்தது. உரித்த ஆரஞ்சு கையில். கவுன் மஞ்சள்.

"நான் பேரே சொல்லலப்பா," என்றாள் அங்கிருந்தே.

"கூட்டத்துல நசுங்குதுன்னு வாலண்டியருங்க மேடைக்குத் தூக்கிட்டு வந்துட்டாங்க வாத்தியாரே," என்றார் பேக்கிங்காரர், மூச்சு வாங்க. "பேரு கேட்டா வாயே தொறக்கலீங்க. ஊரு கேட்டா அதுவுமில்லை. கடைசில தலைவரைக் கிட்டக் கூப்புட்டு, எங்கப்பா எம்பதுன்னு காதுல சொல்லுச்சு. புள்ளை இருக்குதுன்னு மைக்குல சொல்லலாமுங்கன்னோம். சொன்னா எவன் வேணாலும் வந்து கேப்பான்னுட்டு வேண்டாமுன்னுட்டாரு. எம்பதைக் கூப்புட்டாரு. நாங்க ஒம்பது பேரு ஓடிப் போனோமுங்க. ஒவ்வொருத்தரா நிறுத்திக் காட்டுனா, இல்லீங்க, இல்லீங்கன்னு தலையை ஆட்டிப்போட்டுது."

"இங்கிலீசு எழுதற எம்பது இதுல இல்லையேன்னேன்," என்றார் தலைவர். "போலீஸ் கொட்டாயில நிக்கறாருன்னாங்க."

அவளை என் கைக்கு மாற்றினார். அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன். ஆரஞ்சு வாசனை அடித்தது. தலைவர் எட்டி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் என் சட்டையின் தோள் தையலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார்.

"எம்பது இல்லீங்களே. தொண்ணூறு ஆயிட்டீங்க."

அங்கே மேடையில் அவருக்காக ஆயிரக்கணக்கான பேர் காத்திருந்தார்கள். யாரோ வந்து அவர் முழங்கையைத் தொட்டார்கள். அவர் கிளம்பவில்லை. என் தோளில் கிடந்தவளை, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை, நிதானமாக ஒருமுறை பார்த்தார்.

"புள்ளை அறுபதுங்க," என்றார். "அடுத்த வருசம் அறுபத்தஞ்சு ஆயிருவா. பாத்துட்டே இருங்க."